சில்லறையைச் சீர்செய்த பேரரசர்

கி.பி. 518 ஜூலையில் கிழக்கு ரோமப் பேரரசர் அனஸ்தாசியஸ் இறந்தபோது தலைநகர் கான்ஸ்டான்டினோபிளின் கருவூலத்தில் 3,20,000 இறாத்தல் தங்கம் இருந்தது என்று 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோம இறாத்தல் ஏறக்குறைய 325 கிராம். ஓர் இறாத்தலில் 72 பொற்காசுகள் அடிப்பார்கள். அப்படியானால் 2 கோடியே 30 லட்சம் காசுகள், எடையில் நூறு டன்னுக்கு மேல். புரொகோபியஸுக்குப் பின்னாளில் ஆண்ட பேரரசர் ஜஸ்டினியன் மீது கடுங்கோபம். முன்னவர் சேர்த்ததைப் பின்னவர் வாரி இறைத்தார் என்று காட்டுவதற்காக எண்ணைக் கொஞ்சம் ஊதியிருக்கலாம். பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் அது பெருந்தொகைதான். 457-இல் மார்சியன் விட்டுப்போனது 1,00,000 இறாத்தல். அடுத்து வந்த லியோ, 468-இல் வட ஆப்பிரிக்காவை ஆண்ட வாண்டல்கள் மேல் அனுப்பிய கடற்படைக்கு மட்டும் 1,30,000 இறாத்தலைச் செலவிட்டு, கப்பல்களையும் ஆட்களையும் சேர்த்தே இழந்தார். அவருக்குப் பின் வந்த சீனோவின் காலம் முழுக்க உள்நாட்டுப் போரும் கலகமும். 491-இல் அனஸ்தாசியஸ் பதவியேற்றபோது அவர் கையில் வந்தது துடைத்துவைத்த பெட்டி.

27 ஆண்டுகளில் அந்தப் பெட்டி எப்படி நிரம்பியது என்பதுதான் இங்கே பேச்சு. அதற்காக அவர் புதிதாகப் பெரிய வரி எதையும் போடவில்லை. இருந்த வரிகளில் மிகக் கொடுமையான ஒன்றை அடியோடு எடுத்தார். ஆறு ஆண்டு உள்நாட்டுப் போர், நான்கு ஆண்டுப் பாரசீகப் போர், இரண்டு பெரிய கோட்டைப் பணிகள் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தார். பணம் குடியானவன் கையிலிருந்து கருவூலத்துக்கும், கருவூலத்திலிருந்து சிப்பாய் கைக்கும் போகிற வழியில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்த்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார். ரோமப் பேரரசர்களில் போர்வீரர்கள் உண்டு, கட்டடப் பிரியர்கள் உண்டு, தத்துவவாதிகள் உண்டு. கணக்குப்பிள்ளையின் கண்ணோடு அரியணையில் உட்கார்ந்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் இவரை முதலிடத்தில் வைக்கலாம்.

பிறந்தது அட்ரியாட்டிக் கடற்கரையில் டிர்ராக்கியம் என்ற துறைமுகத்தில், 430-ஐ ஒட்டி. இன்று அது அல்பேனியாவின் துர்ரஸ். இரண்டு கண்மணிகளும் இரண்டு நிறம் என்பதால் 'இருகண்மணியர்' என்று பொருள்படும் டிகோரஸ் என்ற பட்டப்பெயர். அரண்மனையில் அவருக்கு சிலென்ஷியரி என்ற வேலை. பேரரசர் ஆலோசனையில் இருக்கும்போது வாசலில் நின்று அமைதி காப்பவர்கள் இவர்கள், மொத்தம் 30 பேர், அவர்களுக்கு மேல் மூன்று தலைவர்கள். அந்த மூவரில் ஒருவராக இருந்தவர் அனஸ்தாசியஸ். வேலை சின்னதாகத் தெரிந்தாலும், யார் எதற்காக உள்ளே போகிறார், என்ன முகத்தோடு வெளியே வருகிறார் என்பதைப் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்க்கும் இடம் அது. சமயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு. பெரிய தேவாலயத்தில் தனக்கென்று ஒரு நாற்காலி போட்டுப் பாடம் சொல்லப்போய், தலைமை ஆயர் யூஃபீமியஸிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர். 488-இல் அந்தியோக்கியாவின் ஆயர் பதவிக்குக்கூட அவர் பெயர் அடிபட்டது.

491 ஏப்ரல் 9 அன்று சீனோ இறந்தார். பிள்ளை இல்லை. மறுநாள் குதிரைப்பந்தய அரங்கில் கூடிய மக்கள், விதவையான பேரரசி அரியாட்னேயைப் பார்த்து இரண்டு கோரிக்கைகளை முழங்கினார்கள்: சரியான விசுவாசம் உள்ள பேரரசர் வேண்டும், ரோமானியப் பேரரசர் வேண்டும். இரண்டாவது கோரிக்கைக்குக் காரணம் உண்டு. சீனோ, தென் அனத்தோலிய (இன்றைய துருக்கி) மலைகளின் ஐசோரியர் இனத்தவர். அவருடைய ஆட்கள் தலைநகரில் போட்ட ஆட்டத்தில் மக்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். திருட்டு நகரத் தலைவனை வெளியே அனுப்பு என்ற குரலும் கூடவே எழுந்தது. அரியாட்னே அன்றே புதிய நகரத் தலைவரை நியமித்தார். பேரரசர் யார் என்பதைப் பேரரசியின் முடிவுக்கே விடலாம் என்றார் அரண்மனையின் மூத்த அதிகாரி ஊர்பிகியஸ். அரியாட்னே தேர்ந்தெடுத்தது, அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த இந்த வாயில் அதிகாரியை.

யூஃபீமியஸ் இவரை நம்பவில்லை. கிறிஸ்துவுக்குத் தெய்வம், மனிதம் என்று இரு இயல்புகள் உண்டு என்று 451-இல் முடிவுசெய்த கால்சிடன் சபையின் தீர்மானங்களை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் முடிசூட்டுவேன் என்று சொல்லி, எழுதி வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார். ஏப்ரல் 11-இல் முடிசூட்டு. கேடயத்தின் மேல் நிற்கவைத்துத் தூக்கினார்கள், படைத்தலைவன் ஒருவனின் கழுத்துச்சங்கிலியைத் தலையில் வைத்தார்கள், பிறகு ஆயர் கையால் மகுடம். ஒவ்வொரு சிப்பாய்க்கும் 5 பொற்காசும் ஓர் இறாத்தல் வெள்ளியும் அறிவிப்பு. கூட்டம் "நீ வாழ்ந்தது போலவே ஆட்சி செய்" என்று வாழ்த்தியது. மே 20-இல் அரியாட்னேயை மணந்தார்.

சீனோவின் சகோதரர் லாங்கினஸ், அரியணை தனக்குத்தான் என்று நம்பியிருந்தவர். அவரை எகிப்துக்கு அனுப்பிக் குருவாக்கினார்கள். தலைநகரில் கலவரம் வெடித்ததும் ஐசோரியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், அவர்களுக்கு ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த தங்கம் நிறுத்தப்பட்டது, சீனோவின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. 492-இல் கோட்டியேயம் போரில் ஐசோரியப் படை உடைந்தது. மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க 498 வரை ஆனது. பிடிபட்டவர்களில் பலரைத் தலைநகருக்கு மேற்கே இருந்த திரேஸில் குடியமர்த்தினார். போர் இழுத்தாலும், வருடச் செலவு ஒன்று நிரந்தரமாக நின்றது. கலகக்காரர்களின் நிலங்களும் அரசுக்கு வந்தன. இந்த நிலங்கள் கதையில் அடுத்து வேலை செய்யப்போகின்றன.

போர் ஓய்ந்த அதே 498-இல் அனஸ்தாசியஸ் இரண்டு பெரிய காரியங்களைச் செய்தார்.

முதலாவது, கிரிசார்கிரான் ஒழிப்பு. பெயருக்குப் பொருள் 'பொன்-வெள்ளி'. கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து கடை வைத்தவர், கைத்தொழில் செய்தவர், பண்டம் விற்றவர் எல்லோர் மீதும் விழுந்த வரி. செருப்புத் தைப்பவருக்கும் உண்டு, உடலை விற்றுப் பிழைத்த பெண்களுக்கும் உண்டு. ஆண்டுதோறும் வசூலித்திருந்தாலாவது பழகியிருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நின்றார்கள், அதுவும் பொன்னாகவும் வெள்ளியாகவும் கேட்டார்கள். தச்சனோ தையற்காரனோ நாள்தோறும் சம்பாதிப்பது செம்புச் சில்லறை. அதை நான்கு ஆண்டு சேர்த்துவைக்க ஏழையால் முடியாது. வசூல் நெருங்கும்போது ஊரே பொற்காசு தேடும், பொன்னின் விலை ஏறும், கடன்காரன் சொன்னதுதான் வட்டி. பிள்ளைகளை விற்று வரி கட்டிய குடும்பங்களைப் பற்றி முந்தைய தலைமுறை எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

எடெஸ்ஸா, இன்றைய துருக்கியின் உர்ஃபா. அந்த ஒரு நகரம் மட்டும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வரியாகக் கட்டியது 140 இறாத்தல் தங்கம், அதாவது 10,080 பொற்காசுகள். வரி நீங்கியது என்ற ஆணை அங்கே வந்துசேர்ந்த நாளை அந்த ஊர்க்காரர் ஒருவர் சிரியாக் மொழியில் பதிவுசெய்திருக்கிறார். சிறியவர் பெரியவர் எல்லோரும் வெள்ளாடை உடுத்தினார்கள். மெழுகுத்திரியும் தூபக்காலும் ஏந்திப் பாடிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஒரு வாரம் திருவிழா. கைவினைஞர்கள் கடையைப் பூட்டிவிட்டு, குளித்து, தேவாலய முற்றத்திலும் தாழ்வாரங்களிலும் சாய்ந்து படுத்திருந்தார்கள். இதை ஆண்டுதோறும் கொண்டாடுவதென்றும் முடிவுசெய்தார்கள். உழைப்பாளிகள் சும்மா சாய்ந்து கிடப்பதை ஒரு விழாவாக ஒரு வரலாற்றாசிரியர் எழுதிவைத்த இடம் பழைய உலகில் அபூர்வம். அந்த வரி எவ்வளவு பாரம் என்பதை 140 என்ற எண்ணைவிட அந்தக் காட்சி தெளிவாகச் சொல்கிறது.

வரியை நீக்குவது எளிது. நீக்கிய வரி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அடுத்து வருபவர் பழைய பேரேட்டைத் திறந்தால் யார் எவ்வளவு என்று எல்லாம் அங்கே இருக்கும். ஆகவே ஏடுகளை எரிக்கவைத்தார், சாம்பலில் ஒரு துண்டுகூட மிஞ்சாதபடி தண்ணீர் ஊற்றவைத்தார். அதோடு விடவில்லை. மாகாண அலுவலகங்களில் நகல்கள் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அரண்மனையில் பல ஆண்டு இருந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவசரப்பட்டுவிட்டேன், எவ்வளவு வருமானம் போயிற்று என்று இப்போதுதான் புரிகிறது, படைக்கு என்ன செய்வது என்று வருந்துவதுபோல் அதிகாரிகளிடம் பேசினார். மிச்சமிருக்கும் செலவுச் சீட்டுகளைக் கொண்டு கணக்கைத் திரும்ப எழுத முடியுமா என்று கேட்டார். வரி திரும்ப வரட்டும் என்று காத்திருந்த அதிகாரிகள் உற்சாகமாகக் கிளம்பி, ஊர் ஊராகத் தேடி, எல்லாத் தாள்களையும் மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். இனி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்த மூட்டைகளையும் எரித்துத் தண்ணீர் ஊற்றினார். வரலாற்றாசிரியர் இவாக்ரியஸ் சொல்லும் கதை இது. அனஸ்தாசியஸின் சமயக் கொள்கையை ஏற்காத ஒருவர் இப்படி வியந்து எழுதியிருப்பதால் அதற்கு மதிப்பு கூடுதல்.

போன வருமானத்துக்கு ஈடு? அரசரின் சொந்த நிலங்களைத் தனித் துறையாக்கி, அதற்கென்று ஓர் உயர் அதிகாரியை நியமித்து, அந்த நிலங்களின் வருவாயிலிருந்து ஈடுகட்டச் செய்தார். சீனோவிடமிருந்தும் ஐசோரியரிடமிருந்தும் வந்த சொத்துகள் இங்கேதான் கைகொடுத்தன.

இரண்டாவது காரியம், செம்புக் காசு.

அன்றைய பொற்காசு சொலிடஸ். 4.5 கிராம், கிட்டத்தட்டக் கலப்பில்லாத பொன். நம் கணக்கில் அரைச் சவரனுக்குச் சற்று மேல். ஏழைத் தொழிலாளிக்குப் பல வாரக் கூலி. அதற்குக் கீழே? நடைமுறையில் புழங்கியது நம்மஸ் என்ற செம்புப் பொட்டு ஒன்றுதான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது, ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட வராது, எடை ஒரு கிராமும் அதற்குக் குறைவும். இரண்டுக்கும் நடுவே பயன்படக்கூடிய காசு இல்லை. மேற்கில் 445-இல் போட்ட ஒரு சட்டம், நாணயம் மாற்றுபவர் ஒரு சொலிடஸை 7,000 நம்மஸுக்கு வாங்கி 7,200-க்கு விற்க வேண்டும் என்கிறது. நூறு ரூபாய்த் தாளை மாற்றினால் பை நிறைய ஒரு பைசாக்கள் வருவதாக நினைத்துப் பாருங்கள். இதனால்தான் காசை எண்ணாமல் முத்திரையிட்ட தோல்பையில் கட்டிக் கைமாற்றினார்கள். பைக்குப் பெயர் ஃபாலிஸ்.

இங்கே பணம் ஒழுகும் வழிகளைப் பார்க்க வேண்டும். அரசு சிப்பாய்க்குப் பொன்னாகத் தருகிறது. அவர் ரொட்டி வாங்கச் சில்லறை வேண்டும், மாற்றுக்காரரிடம் போகிறார், அங்கே ஒரு கழிவு. குடியானவர் சந்தையில் காய்கறி விற்றுச் சில்லறை சேர்க்கிறார். வரி பொன்னாகக் கட்ட வேண்டும், மாற்றுக்காரரிடம் போகிறார், அங்கே மறுபடி ஒரு கழிவு. நம்மஸில் எழுத்தும் உருவமும் பாதி விழுவதில்லை. வார்ப்பு அச்சில் செம்பையும் ஈயத்தையும் ஊற்றி எவரும் போலி செய்யலாம். போலி பெருகப் பெருக மாற்று விகிதம் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். மாறும் ஒவ்வொரு முறையும் இழப்பவர் சில்லறை வைத்திருப்பவர்தான்.

அந்தச் செம்புப் பொட்டுகள் நமக்கு அந்நியமானவை அல்ல. 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் இதே சிறு ரோமச் செம்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரைப் பகுதியிலும் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலவே அடித்தும் புழங்கினார்கள். கரூர்க் காசு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, ரொட்டிக் கடையில் இவற்றை எண்ணிக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதே இலங்கையில் சோபாட்ரஸ் என்ற ரோம வணிகர், மன்னர் முன்னிலையில் பாரசீக வணிகரின் வெள்ளிக் காசுக்கு எதிரே தன் பொற்காசை வைத்து, யாருடைய அரசர் பெரியவர் என்று காசுகளே சொல்லட்டும் என்று வென்ற கதையை, எகிப்திலிருந்த காஸ்மாஸ் எழுதியிருக்கிறார். சோபாட்ரஸ் போனது அனஸ்தாசியஸ் காலத்திலோ சற்று முன்போ இருக்கலாம். உலகச் சந்தையில் ரோமப் பொன்னுக்கு அவ்வளவு மதிப்பு. சிக்கல் எல்லாம் செம்பில்தான்.

அதைத் தீர்த்தவர் அரசு நிதித்துறைத் தலைவர் ஜான், வட அனத்தோலியாவின் பாஃப்லகோனியாக்காரர். 498-இல் 40 நம்மஸ் மதிப்புள்ள பெரிய செம்புக் காசை வெளியிட்டார். முன்பக்கம் பேரரசரின் தலை. பின்பக்கம் கடவுளும் இல்லை, வெற்றித்தேவதையும் இல்லை, ஒரே ஒரு பெரிய எழுத்து. கிரேக்கத்தில் எழுத்துகளே எண்கள்: 'மு' என்றால் 40. பாதிக் காசுக்கு 'காப்பா', 20. கால் காசுக்கு 'அயோட்டா', 10. எழுத்துக்கு மேலே சிலுவை, அடியில் நாணயச்சாலையின் பெயர்ச்சுருக்கம். மதிப்பு காசின் மேலேயே எழுதியிருக்கிறது, எழுதப்படிக்கத் தெரியாதவரும் எழுத்தின் வடிவத்தை அடையாளம் கண்டுகொள்வார். இது முற்றிலும் புதிய யோசனை அல்ல. இத்தாலியிலும் வாண்டல்களின் கார்த்தேஜிலும் இதுபோல் மதிப்பெண் போட்ட பெரிய செம்புக் காசுகள் முன்பே வந்துவிட்டன. பேரரசு முழுமைக்கும் அதை நிலையாக்கியது இவர்கள். மக்கள் இதைப் பைக்குரிய பெயராலேயே ஃபாலிஸ் என்று அழைத்தார்கள். மக்களுக்குப் பிடித்துப்போனது என்று அக்காலத்தவரான மார்செல்லினஸ் எழுதுகிறார். ஒரு காசு மக்களுக்குப் பிடித்தது என்று வரலாற்றில் வருவதே அரிது.

முதல் முயற்சியில் ஒரு குறை இருந்தது. 498-இன் 40 நம்மஸ் காசு 9 கிராம் அளவில்தான் இருந்தது. நாற்பது தனி நம்மஸ்களைத் தராசில் போட்டால் அதைவிட அதிகம் நிற்கும். காசின் மதிப்புக்கும் உள்ளிருக்கும் செம்புக்கும் இடைவெளி பெரிதானால் போலி அடிப்பவருக்கு இலாபம், வாங்குபவருக்குச் சந்தேகம். 512-இல் எடையை இரட்டிப்பாக்கி 18 கிராமுக்குக் கொண்டுபோனார்கள். 5 நம்மஸ் காசு ஒன்றையும் சேர்த்தார்கள், அதில் 'எப்சிலான்'. இப்போது 5, 10, 20, 40 என்று ஏணி முழுமையானது. பின்பக்க எழுத்துக்கு இருபுறமும் நட்சத்திரம் இருந்தால், பெரும்பாலும் அது கனமான தொடரைச் சேர்ந்தது. அந்தப் பெரிய எழுத்து 9-ஆம் நூற்றாண்டு வரை பைசாந்திய (பின்னாளைய கிழக்கு ரோம) செம்புக் காசுகளில் நின்றது.

வரி வசூலில் அவர் கைவைத்தது இதைவிடச் சர்ச்சைக்குரியது. அதுவரை நிலவரியை வசூலிக்கும் பொறுப்பு நகரசபை உறுப்பினர்களிடம் இருந்தது. குறைந்தால் அவர்கள் தங்கள் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். பெரும்பணக்காரர்கள் மேல்பதவி வாங்கிக்கொண்டு சபையிலிருந்து நழுவினார்கள். மிஞ்சியவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களின் பாக்கியைச் சிறுவிவசாயிகள் தலையில் கட்டினார்கள். சிரியாக்காரரான மரினஸ் என்ற நிதி அதிகாரியின் யோசனைப்படி, ஒவ்வொரு நகரத்துக்கும் விண்டெக்ஸ் என்ற வசூல் பொறுப்பாளரை நியமித்தார்கள். எவ்வளவு தருவேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு வேலை. கருவூலத்துக்கு வரவு கூடியது. நகரங்களின் பெருமை போயிற்று என்று இவாக்ரியஸும், அரசு அலுவலராக இருந்த ஜான் லிடஸும் கரித்துக்கொட்டுகிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் பிழிந்தால் அது வசூலிப்பவருக்கு என்ற ஏற்பாடு எந்த ஊரிலும் குடியானவருக்கு நல்லதாக முடிந்ததில்லை. பழைய சபைக்காரர்களின் கையிலும் அந்தக் குடியானவர் சுகமாக இருக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது.

இதோடு சேர்ந்தது, தானியமாகக் கட்டும் வரியைப் பொன்னாக மாற்றியது. கோதுமையாகவும் எண்ணெயாகவும் கட்டும்போது வண்டிச்செலவு, வழியில் சிந்துவது, கிடங்கில் புழுப்பது, அளப்பவர் பெரிய மரக்காலை வைத்து ஏமாற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் சேதாரம். பொன்னானால் இவை எல்லாம் போகும். படைக்குத் தானியம் வேண்டிய இடத்தில் விவசாயியிடம் விலைக்கு வாங்கி, அந்த விலையை வரியில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடலோரத்திலும் பெரிய சந்தைக்குப் பக்கத்திலும் இருப்பவருக்கு இது நிம்மதி. உள்நாட்டு மேட்டுநிலத்துக்காரருக்கோ, அறுவடை முடிந்து எல்லோரும் விற்கும் அதே நாளில், விலை படுத்துக்கிடக்கும்போது விற்றுப் பொன் தேட வேண்டிய நெருக்கடி. படையெடுப்புகளால் உழவர்கள் குறைந்துபோன திரேஸில் வரியாகப் போதுமான தானியமே கிடைக்காது என்பதால், அங்கே கட்டாயக் கொள்முதல் எப்போதும் தொடரும் என்று சட்டத்திலேயே விதிவிலக்கு எழுதினார். அந்த விதிவிலக்கைப் படிக்கும்போதுதான் வரைபடத்தை முன்னால் விரித்துவைத்துச் சட்டம் எழுதிய மனிதர் கண்ணில் தெரிகிறார்.

சிப்பாய்களுக்கும் உணவு, ஆயுதம், உடைக்கான படி காசாகப் போயிற்று. தென் அனத்தோலியாவின் பம்பிலியாவில் பெர்கே நகரில் கிடைத்த அவருடைய ஆணைக் கல்வெட்டு, படைப்பிரிவின் ஒவ்வொரு தரத்திலும் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு என்று அட்டவணை போடுகிறது. பட்டியலைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்துவிட்டால், இல்லாத சிப்பாயின் பெயரில் சம்பளம் எடுப்பது கடினம்.

சிக்கனக்காரர் என்று பெயரெடுத்தவர் எங்கே கை நீட்டிச் செலவழித்தார் என்பதற்கு தாரா கோட்டை. 502-இல் பாரசீக மன்னர் கவாத் பணம் கேட்டார், அனஸ்தாசியஸ் மறுத்தார், போர் வந்தது. அக்டோபர் 5-இல் கவாத் அமிதாவை முற்றுகையிட்டார், இன்றைய தியார்பகிர். மதிலுக்கு எதிரே மண்மேடு எழுப்பினார்கள். உள்ளிருந்தவர்கள் மதிலடியில் சுரங்கம் குடைந்து, மேட்டின் வயிற்றிலிருந்து மண்ணை இரவோடிரவாக உருவினார்கள், மேடு உட்கார்ந்துபோனது. மூன்று மாதம் தாக்குப்பிடித்த நகரம், 503 ஜனவரியில் ஒரு குளிர் இரவில், கோபுரக் காவலில் இருந்த துறவிகள் மது அருந்தித் தூங்கிவிட்டதால் விழுந்தது. அதை மீட்கப் படை அனுப்பியபோது எடெஸ்ஸாவில் ரொட்டி சுடுபவர்கள் போதவில்லை. வீடுவீடாகக் கோதுமையைக் கொடுத்து, சொந்தச் செலவில் உலர்ரொட்டி சுட்டுத் தரச் சொன்னார்கள். முதல் தவணையில் மட்டும் 6,30,000 மோடி (ரோமத் தானிய அளவை) கோதுமை. வரி நீங்கிய விழாவைக் கொண்டாடி ஐந்தாறு ஆண்டுகளே ஆன அதே ஊர்.

கடைசியில் 1,000 இறாத்தல் தங்கம் கொடுத்து அமிதாவைத் திரும்பப் பெற்றார்கள். தளபதிகள் ஒரே குறையைச் சொன்னார்கள்: எல்லையருகே படை தங்க, ஆயுதம் செப்பனிட, தானியம் சேர்க்க இடமே இல்லை. பாரசீகர் கையில் 363 முதல் நிசிபிஸ் கோட்டை நகரம் இருக்கிறது, நமக்கு அதற்கு எதிரே ஒன்றும் இல்லை. நிசிபிஸிலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருந்த தாரா என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அமிதா தேவாலயத்தின் ஊர். பறித்துக்கொள்ளாமல் விலை கொடுத்து வாங்கினார். அங்கிருந்த பண்ணை அடிமைகளை விடுவித்து வீடும் நிலமும் கொடுத்தார். பணியை அமிதாவின் ஆயர் தாமஸ் கையில் ஒப்படைத்தார்.

கூலிதான் இதில் பெரிய செய்தி. ஒரு சொலிடஸுக்கு 24 கெராட்டியா. தாராவில் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 கெராட்டியா, கழுதையோடு வந்தால் 8. ஆறு நாள் கல் சுமந்தால் ஒரு முழுப் பொற்காசு, கழுதை இருந்தால் மூன்றே நாளில். சாதாரணக் கூலியைவிடப் பல மடங்கு. ஆட்கள் நாலாபக்கமிருந்தும் திரண்டார்கள், சொன்னபடி கூலியும் கிடைத்தது, பலர் கையில் பணத்தோடு ஊர் திரும்பினார்கள் என்று வரலாறு எழுதிய சக்கரியாஸ் சொல்கிறார். இதில் தாராளம் உண்டு, கணக்கும் உண்டு. எல்லையில் புதுக்கோட்டை கட்டக்கூடாதென்று இரு அரசுகளுக்கும் பழைய ஒப்பந்தம் இருந்தது. கவாத் அப்போது கிழக்கே ஹூணரோடு போரில் மாட்டியிருந்தார். அவர் திரும்புவதற்குள் மதில் எழுந்துவிட வேண்டும். 505-இல் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் மதில், தண்ணீர்த் தொட்டிகள், தானியக் கிடங்குகள், குளியல் கூடங்களோடு நகரம் நின்றது. அதன் பிறகு கவாத் கோபித்துக்கொண்டபோது கொஞ்சம் பணமும் நிறைய நயமான பேச்சும் போதுமானதாக இருந்தன. அவசரத்தின் விலையும் இருந்தது: சாந்து சரியாக இறுகாமல், பனியிலும் வெயிலிலும் மதில் விரிசல் விட்டது, ஜஸ்டினியன் காலத்தில் உயர்த்தி வலுப்படுத்த வேண்டியதாயிற்று. துருக்கியின் மார்தினுக்குத் தென்கிழக்கே இடிபாடுகளுக்கு நடுவே அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டியில் இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.

மேற்கே, தலைநகரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில், மர்மரா கடலிலிருந்து கருங்கடல்வரை 56 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எழுப்பினார். 3 மீட்டருக்கு மேல் அகலம். அதில் கணக்குத் தவறியது என்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு நீளத்தைக் காக்க ஆள் கிடையாது, ஓரிடத்தில் உடைத்துப் புகுந்தவன் மற்ற இடங்களைப் பின்னாலிருந்து தாக்கலாம்.

அவருடைய பெரிய சறுக்கல் சமயத்தில். கால்சிடன் தீர்மானங்களை மனதில் ஏற்காத அவரை, ஏற்பதாக எழுதிக்கொடுத்த காகிதம் உறுத்திக்கொண்டே இருந்தது. 496-இல் யூஃபீமியஸையும் 511-இல் அடுத்த ஆயர் மசிடோனியஸையும் பதவியிலிருந்து இறக்கினார். 512 நவம்பரில், வழிபாட்டுப் பாடலில் 'எங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டவரே' என்ற, கால்சிடன் ஆதரவாளர்கள் பொறுக்காத சொற்களைச் சேர்த்ததும் தலைநகர் பற்றியெரிந்தது. மரினஸின் வீட்டைக் கொளுத்தினார்கள், வேறொருவரைப் பேரரசராக்கக் கூச்சலிட்டார்கள். எண்பது கடந்த கிழவர் மகுடம் இல்லாமல் அரங்குக்கு வந்து நின்றார். இறங்கிவிடுகிறேன், ஆனால் எல்லோரும் ஆள முடியாது, ஒருவரைச் சொல்லுங்கள் என்றார். கூட்டம் அடங்கி, மகுடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றது.

மறு ஆண்டே திரேஸில் படைத்தலைவர் விடாலியன் கலகம் செய்து எழுந்தார். சமயம் ஒரு காரணம். இன்னொன்று, அவருடைய கூட்டுப்படை வீரர்களுக்குரிய படி நிறுத்தப்பட்டது. சேமிப்பு எங்கே சரி, எங்கே தவறு என்பதில் அனஸ்தாசியஸின் கண் பிசகிய இடம் இது. எல்லையை வெறும் வயிற்றோடு காக்கச் சொன்னால் அந்தப் படை தலைநகரை நோக்கித் திரும்பும். மீட்புத்தொகையாகவும் சமாதானப் பணமாகவும் கொட்டியது, அந்தப் படியைப் போலப் பல மடங்கு. 515-இல்தான் மரினஸின் தலைமையில் கடற்படை விடாலியனின் கப்பல்களை எரித்தது. கந்தகப் பொடி தூவி எரித்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் மலாலாஸ்.

அதே ஆண்டு அரியாட்னே இறந்தார். 518 ஜூலை 8 இரவு, இடிமழையின் நடுவே அனஸ்தாசியஸ் உயிர்விட்டார், வயது 88-ஐ ஒட்டி. ஹிப்பேஷியஸ், பொம்பேயஸ், புரோபஸ் என்று உடன்பிறந்தோரின் மகன்கள் மூவர் இருந்தும் யாரையும் வாரிசாக நியமிக்கவில்லை. அரண்மனை அதிகாரி அமான்டியஸ் தன் ஆளை அமர்த்துவதற்காக, காவற்படைக்குப் பங்கிடச் சொல்லி அதன் தலைவர் ஜஸ்டினிடம் பணம் கொடுத்தார். பணம் பங்கிடப்பட்டது, பேரரசரானவர் ஜஸ்டின். கருவூலம் அவருக்கும், 527-இல் அவருடைய சகோதரி மகன் ஜஸ்டினியனுக்கும் போயிற்று. 532 ஜனவரியில் ஜஸ்டினியனுக்கு எதிராக எழுந்த நிக்கா கலகக் கூட்டம் விருப்பமில்லாத ஹிப்பேஷியஸை இழுத்துவந்து, ஒரு கழுத்துச்சங்கிலியையே மகுடமாக வைத்து, அதே அரங்கில் பேரரசராக அறிவித்தது. மறுநாள் அவரையும் பொம்பேயஸையும் கொன்று கடலில் எறிந்தார்கள்.